படிக்கிற பிள்ளைக்கு வீட்டிலிருந்து கிடைக்க வேண்டிய துணை



உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்போ, பத்தாம் வகுப்போ, பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பிரசுரம் உங்களுக்குத்தான். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிராமங்களுக்குப் போகும்போது தாய்மார்கள் எங்களிடம் கேட்கிற கேள்விகளில் முக்கியமானது இது: "ஐயா, எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து வாசனையே கிடையாது. பையன் என்ன படிக்கிறான், எப்படிப் படிக்கிறான்னு எங்களுக்கு என்ன தெரியும்? வாத்தியார் பாத்துக்கணும். நாங்க என்ன செய்ய முடியும்?"

செய்ய முடியும். நிறையவே செய்ய முடியும். பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. அந்தப் பாடம் பிள்ளையின் மனதில் தங்குவதற்குத் தேவையான தூக்கம், சாப்பாடு, உடம்பில் இரத்தம், மனதில் தைரியம் ஆகிய நான்கும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். இவற்றைக் கொடுக்க எழுத்தறிவு தேவையில்லை. கவனமும், கணவன் மனைவிக்குள் ஒற்றுமையும் இருந்தால் போதும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். முதலில் சுவரைப் பார்ப்போம்.

1. தூக்கம்

"எம்பொண்ணு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் படிக்கிறா. காலையில நாலு மணிக்கு எழுப்பி விட்டுடுவேன்" என்று பெருமையாகச் சொல்கிற தாய்மார்கள் உண்டு. கணக்குப் பாருங்கள். அந்தப் பெண் தூங்குவது நான்கு மணி நேரம். 13 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு 8 மணி முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து. உடம்பு வேகமாக வளர்கிற வயது இது.

தூக்கம் என்பது வீணாகப் போகிற நேரம் அல்ல. பகலில் படித்ததை மூளை வகைப்படுத்திச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். நெல்லை அறுத்துக் களத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டு வராமல் விட்டால் என்ன ஆகும்? படித்துவிட்டுத் தூங்காத பிள்ளையின் படிப்பும் அப்படித்தான் ஆகும். மறுநாள் வகுப்பில் கொட்டாவி, எரிச்சல், தலைவலி, மறதி எல்லாம் வரும். அதைப் பார்த்து நாம் "சோம்பேறி" என்று திட்டுவோம்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வயதில் தூக்கம் வருகிற நேரம் தானாகவே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும். சின்ன வயதில் எட்டு மணிக்கே சுருண்டு படுத்த பிள்ளை இப்போது பத்து மணி வரை விழித்திருந்தால் அது திமிர் அல்ல, வயதின் இயல்பு. ஆகவே இரவு பத்து மணிக்குள் படுத்து, காலை ஆறு மணிக்கு எழுவது நல்ல ஏற்பாடு. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பித்தான் தீர வேண்டும் என்றால், இரவு எட்டு மணிக்கே படுக்க வைக்க வேண்டும். அது எத்தனை வீட்டில் நடக்கும்?

பிள்ளை படுக்கிற இடத்தில் செல்போன் வேண்டாம். அதன் வெளிச்சமும், அதில் வருகிற படமும் பேச்சும் தூக்கத்தைத் துரத்தும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போனும் ஒரே இடத்தில், சார்ஜ் போடுகிற இடத்தில் இருக்கட்டும். அப்பாவின் போனும் அங்கேதான். "நான் பாக்கலாம், நீ பாக்கக் கூடாது" என்ற சட்டம் எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

2. காலைச் சாப்பாடு

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கியது. மதிய உணவு 1982-ல் கிராமப்புறங்களில் சத்துணவாக விரிவுபட்டு, 1984-ல் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையின் காலைச் சாப்பாடு நம் வீட்டு அடுப்பைத்தான் நம்பி இருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

களை எடுக்கவோ, நூறு நாள் வேலைக்கோ அம்மா விடியலிலேயே போய்விட, பிள்ளை ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிற வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. பத்து மணிக்கு மேல் கணக்குப் பாடம் நடக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வயிறுதான் பேசும், வாத்தியார் பேசுவது காதில் ஏறாது.

பெரிய செலவு செய்ய வேண்டாம். முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறும் ஒரு முட்டையும் போதும். கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, அவித்த பயறு, சுண்டல் எல்லாம் நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்பு வளர்கிற வயதுக்கு அது மிக வேண்டியது. இதைச் சமைத்து வைப்பது அம்மாவின் வேலை மட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்பா கூழ் கரைத்துக் கொடுத்தாலும் பிள்ளைக்கு வயிறு நிறையும்.

3. இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்

"எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்குறா. புத்தகத்தைத் தொட்டா தூக்கம் வந்துடுது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது." இப்படிப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற தாய்மார்களிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: திட்டுவதை நிறுத்துங்கள், இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்த சோகை இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கும் இது உண்டு. இரத்த சோகை உள்ள பிள்ளையின் மூளைக்கும் தசைக்கும் போதிய பிராணவாயு போய்ச் சேராது. கவனம் நிற்காது, சீக்கிரம் களைத்துப் போகும். வெளியே பார்த்தால் சோம்பல் மாதிரி தெரியும்.

கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஹீமோகுளோபின் சோதனை இலவசம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். பதினைந்து வயது தாண்டிய ஆண்பிள்ளைக்கு 13 கிராம் இருக்க வேண்டும்.

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, ஜன்னல் வழியாக எறிகிறதா என்று அன்பாகக் கேளுங்கள். "வயித்தைப் பெரட்டுது, மலம் கறுப்பாப் போகுது" என்று பயப்படுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையில் உள்ள இரும்புச் சத்தால்தான், கெடுதல் இல்லை. மாத்திரை போட்ட உடனே டீ, காபி வேண்டாம். அவை இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவை சேர உதவும். முருங்கைக் கீரையைச் சமைத்தால் மேலே ஒரு மூடி எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து விடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவற விடாதீர்கள். கொக்கிப்புழு நம் பிள்ளையின் இரத்தத்தைக் குடிப்பது. கொல்லைக்குப் போகும்போது செருப்பு போடாமல் போகிற பிள்ளைக்கு அது காலின் வழியாகவே ஏறும்.

கண்ணையும் பாருங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளை அதை வீட்டில் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் போல என்று இருந்துவிடும். புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தாலோ, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, அடிக்கடி தலைவலி என்றாலோ கண் பரிசோதனை அவசியம். "மக்கு" என்று பெயர் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடிதான். "பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடி போட்டா யார் கட்டிக்குவா" என்று தள்ளிப் போடாதீர்கள்.

4. எழுத்தறியாத தாயும் படிக்க வைக்கலாம்

இப்போது படிப்புக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பலர் படிப்பது எப்படி? புத்தகத்தை விரித்து, அதே பக்கத்தைச் சத்தம் போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் காற்றில் பறந்து போகும்.

2006-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடத்தைச் சிலர் இரண்டு முறை வாசித்தார்கள். வேறு சிலர் ஒரு முறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்கள்தான் கொஞ்சம் அதிகம் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. இரண்டு முறை வாசித்தவர்களுக்கு 100-க்கு 42 பங்குதான் நினைவில் இருந்தது. மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 பங்கு நினைவில் இருந்தது.

இதன் பொருள் என்ன? உள்ளே போட்டுக்கொண்டே இருப்பதைவிட, உள்ளே போனதை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் நினைவை உறுதியாக்குகிறது. பரீட்சையும் ஒரு வாரமோ, ஒரு மாதமோ கழித்துத்தான் வருகிறது.

தாய்மார்களே, உங்கள் வேலை இங்கேதான் வருகிறது. மாவாட்டும்போதோ, கீரை ஆயும்போதோ, மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதோ பிள்ளையைக் கூப்பிட்டு இப்படிக் கேளுங்கள்:

"இன்னிக்கு என்னடா பாடம் நடத்துனாங்க? எனக்குச் சொல்லு பாப்போம்."

"உனக்கு ஒண்ணும் புரியாதும்மா."

"புரியிற மாதிரி சொல்லேன். செடிக்கு வெயில் எதுக்குன்னு சொன்னியே, அது என்ன?"

பிள்ளை சொல்லத் தொடங்கும். நடுவில் எங்காவது தடுமாறும். அந்த இடம்தான் அதற்குப் புரியாத இடம். அதை அதுவே கண்டுபிடித்துப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும். உங்களுக்குப் பதில் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. "அப்புறம்?", "அது ஏன் அப்படி?" என்று கேட்டால் போதும். படித்த தாய் செய்யும் இந்த உதவியைப் படிக்காத தாயும் அதே அளவுக்குச் செய்யலாம். நாளுக்குப் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, இடைவெளி விட்டுப் படிப்பது. பயிருக்கு ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் பாய்ச்சினால் பயிர் அழுகும். முறை வைத்துப் பாய்ச்சினால்தான் வளரும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் ஆறு மணி நேரம் படிப்பதைவிட, அதே ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு நாளில் அரை அரை மணியாகப் படித்தால் அதிகம் தங்கும். இன்று படித்த பாடத்தை நாளை ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை மூடி வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும்.

5. வீட்டில் ஒரு நேரம், ஒரு இடம்

தனி அறை, மேஜை நாற்காலி எல்லாம் எல்லா வீட்டிலும் இருக்காது. திண்ணையில் ஒரு மூலை, ஒரு பாய், நல்ல வெளிச்சம் இருந்தால் போதும். ஆனால் தினமும் அதே இடம், அதே நேரம் வேண்டும். பழகிய மாடு தானாகத் தொழுவத்துக்குத் திரும்புவது போல, மனசும் பழகிய நேரத்தில் தானாகப் படிப்புக்கு வரும்.

மாதிரிக்கு ஓர் ஏற்பாடு:

மாலை 5 மணி முதல் 6.15 வரை: ஏதாவது சாப்பிடுதல், விளையாட்டு, சிறிய வீட்டு வேலை.
6.30 முதல் 7.15 வரை: படிப்பு. அதன்பின் 15 நிமிட ஓய்வு.
7.30 முதல் 8.15 வரை: படிப்பு.
8.15: குடும்பத்தோடு சாப்பாடு.
8.45 முதல் 9 வரை: படித்ததை அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுதல்.
9 மணி: போன் சார்ஜ் போடும் இடத்துக்குப் போகும்.
9.45: படுக்கை.
காலை 6 மணி: எழுதல். 6.15 முதல் 7 வரை: படிப்பு.
7.30: காலைச் சாப்பாடு.

இதை நீங்கள் மட்டும் எழுதிப் பிள்ளையின் மேல் திணிக்காதீர்கள். "உனக்கு எந்த நேரம் தோதுப்படும்? கணக்கு முதலா, இங்கிலீஷ் முதலா?" என்று கேட்டு, பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லி ஒட்டுங்கள். தானே போட்ட திட்டத்தைத்தான் பிள்ளை மதிக்கும். விளையாட்டை வெட்டாதீர்கள். ஓடி ஆடிய பிள்ளைக்குத்தான் உட்கார்ந்து படிக்கப் பொறுமை வரும்.

படிக்கிற ஒன்றரை மணி நேரம் டி.வி. அணைந்திருக்கட்டும். குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிற தகப்பன் இருக்கிற வீட்டில் பிள்ளையின் கண் புத்தகத்தில் இருந்தாலும் காது வாசலில்தான் இருக்கும். தந்தைமார்களே, இதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறோம். குடியை விட நினைக்கிறவர்களுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு.

6. ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அடித்தால் பிள்ளை உட்காரும், உண்மை. ஆனால் உட்காருவது வேறு, படிப்பது வேறு. அடிக்குப் பயந்த மனதில் பயம்தான் நிற்கும், பாடம் நிற்காது. நாளாக நாளாகப் புத்தகத்தைப் பார்த்தாலே வெறுப்பு வரும். மார்க் சீட்டை மறைக்கவும், பொய் சொல்லவும் பழகும்.

பிள்ளைக்குப் படிக்க ஆசை வர மூன்று வேண்டும். "என்னால் முடியும்" என்ற தைரியம். "என் பேச்சுக்கும் மதிப்பு உண்டு" என்ற எண்ணம். "எப்படி இருந்தாலும் என்னை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்" என்ற நிம்மதி.

ஆகவே, "உன் சித்தப்பா மகன் நானூறு வாங்கியிருக்கான், நீ என்ன கிழிச்சே?" என்று ஒப்பிடாதீர்கள். போன பரீட்சையில் கணக்கில் 28, இந்தத் தடவை 37 என்றால், "ஒன்பது மார்க் கூடியிருக்கே, என்ன செஞ்சே?" என்று கேளுங்கள். பிள்ளையை அதன் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். "நீ புத்திசாலி" என்பதைவிட, "தினமும் உக்காந்து போட்டுப் பாத்தே, அதான் வந்திருக்கு" என்று உழைப்பைப் பாராட்டுங்கள். உழைப்பு பிள்ளையின் கையில் இருப்பது.

படித்து என்ன ஆகப் போகிறோம் என்று தெரியாமல் இருப்பதும் சலிப்புக்கு ஒரு காரணம். பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்க 2020-ல் சட்டம் வந்தது. மேல்படிப்புக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்கிற பெற்றோரைப் பார்த்தாலே பிள்ளைக்கு ஒரு பலம்.

7. கணவன் மனைவி ஒரே பேச்சு

அப்பா "படி" என்கிறார். அம்மா "பாவம், விடுங்க" என்கிறாள். அம்மா போனைப் பிடுங்குகிறாள். அப்பா ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுக்கிறார். இப்படி நடந்தால் பிள்ளை இரண்டு பேரையும் மதிக்காது. பிள்ளை இல்லாத நேரத்தில் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

"ஏங்க, நாத்து நட ஆள் பத்தலைன்னு அவனை நாளைக்கு லீவு போடச் சொன்னீங்களாமே? பரீட்சைக்கு இருபது நாள்தான் இருக்கு."

"ஒரு நாள்தானே."

"போன வாரம் ரெண்டு நாள், இது மூணாவது நாள். நான் எங்க அண்ணிக்கிட்ட பேசுறேன், அவங்க வருவாங்க. அவன் பள்ளிக்கூடம் போகட்டும்."

"சரி, ஞாயித்துக்கிழமை மட்டும் கூட வரட்டும்."

இந்த அளவு பேச்சு போதும். ஆனால் பேச வேண்டும். பிள்ளை வேலை செய்வது தவறல்ல. பள்ளி நாளில் பள்ளியை விட்டு வேலைக்குப் போவதுதான் தவறு. இரண்டு நாள், மூன்று நாள் என்று விட்டுப்போகிற பாடம் பிள்ளையைப் பின்னால் தள்ளும். பின்தங்கிய பிள்ளைக்கு வெட்கம் வரும். வெட்கம் வந்தால் பள்ளியே வேண்டாம் என்று நின்றுவிடும். பள்ளியை விட்டு நிற்கிற பல பிள்ளைகள் இந்த வழியாகத்தான் நிற்கிறார்கள்.

8. பெண்பிள்ளை விஷயத்தில் தனிக் கவனம்

அண்ணன் படிக்கிறான் என்று தங்கையைத் தண்ணீர் எடுக்க அனுப்புகிறோம். அவளுக்கும் அதே பரீட்சைதான். வீட்டு வேலையை இருவருக்கும் பகிர்ந்து கொடுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டாம். பள்ளியில் நாப்கின் இலவசமாகக் கிடைக்கும். வயிற்றுவலி தாங்க முடியாமல் இருந்தாலோ, உதிரப்போக்கு மிக அதிகமாக இருந்தாலோ கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். பள்ளிக் கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் உண்டு. அதனால் தலைவலியும் சிறுநீர்க் கடுப்பும் வரும். கழிப்பறை சரியில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்தான் எழுந்து கேட்க வேண்டும்.

"நல்ல எடம் வந்திருக்கு, பத்தாவதோட நிறுத்திடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் இதை நினைத்துப் பாருங்கள். 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறையாமல் திருமணம் செய்வது குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. உடம்பு வளர்ந்து முடியாத வயதில் கர்ப்பமானால் இரத்த சோகை, இரத்தக் கொதிப்பு, எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்துகள் கூடுகின்றன. அவளது படிப்பும் அன்றோடு முடிகிறது. நல்ல இடம் காத்திருக்கும். காத்திருக்காத இடம் நல்ல இடமும் அல்ல.

9. முடிவு வரும் நாளும் மன வேதனையும்

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள்.

ஒரு பாடத்தில் தவறினால் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறியவர்கள் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் மேல்படிப்பிலும் சேரலாம். இதைப் பரீட்சைக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். "நீ எத்தனை மார்க் வாங்குனாலும் எங்க புள்ளதான். போனா மறுபடி எழுதிக்கலாம்" என்று உங்கள் வாயால் பிள்ளை ஒரு முறையாவது கேட்க வேண்டும். மனதில் இருந்தால் போதாது, சொல்ல வேண்டும்.

முடிவு வரும் நாளில் பெற்றோரில் ஒருவராவது வீட்டில் இருங்கள். மார்க் குறைந்தால் அன்றைக்குக் கேள்வி வேண்டாம், சாப்பாடு போடுங்கள். உறவுக்காரர்கள் கேலி பேச இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை யாரோடும் பேசாமல் ஒதுங்கி இருந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொன்னாலோ அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா சாமி?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இதுவரை யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல வழி பிறக்கும். அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநோய்க்கு மருந்து உண்டு. மந்திரிப்பதில் நாளைக் கடத்தாதீர்கள்.

விவசாய வீடுகளுக்கு இன்னொரு முக்கியமான வேண்டுகோள். பூச்சிமருந்தை வீட்டில் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைச் சேர்த்து வைக்க வேண்டாம். மனம் உடைந்த ஒரு பொழுதைக் கடந்துவிட்டால் பிள்ளை தப்பிக்கும். அந்த ஒரு பொழுதில் கைக்கு எட்டுகிற இடத்தில் விஷம் இருக்கக் கூடாது.

10. சில சந்தேகங்களுக்குப் பதில்

கேள்வி: ஞாபக சக்திக்கு டானிக் வாங்கிக் கொடுக்கலாமா?
பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்குங்கள். தூக்கத்தைவிட நல்ல ஞாபக டானிக் கிடையாது.

கேள்வி: பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கிறேன் என்கிறானே?
பதில்: கணக்கு எழுதிப் போடும்போது சிலருக்குத் தொந்தரவு இருக்காது. மனதில் பதிய வேண்டிய பாடத்துக்குப் பாட்டு இடைஞ்சல். இரண்டு விதமாகவும் படித்துவிட்டு, மூடி வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். எது நல்லது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: டியூஷன் வைக்க வசதி இல்லையே?
பதில்: வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற நண்பனோடு சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்கும் பாடம் கெட்டிப்படும், கேட்கிற பிள்ளைக்கும் புரியும்.

கேள்வி: எத்தனை சொன்னாலும் படிக்க மாட்டேன் என்றால்?
பதில்: "ஏன் படிக்கலை?" என்று கேட்பதை ஒரு நாள் நிறுத்திவிட்டு, "பள்ளிக்கூடத்துல எது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே வராமல் இருக்கலாம். யாராவது கேலி செய்யலாம், அடிக்கலாம், தகாத முறையில் தொடலாம். பிள்ளைகளுக்கு வருகிற தொல்லைகளுக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

இன்றிலிருந்து செய்ய வேண்டியவை

1. இரவு பத்து மணிக்குள் பிள்ளை தூங்க வேண்டும்.
2. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பக் கூடாது.
3. இந்த மாதத்துக்குள் இரத்தமும் கண்ணும் சோதிக்க வேண்டும்.
4. தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளை பாடம் சொல்ல, நீங்கள் கேட்க வேண்டும்.
5. ஒப்பிடுவதும் அடிப்பதும் வேண்டாம்.
6. பள்ளி நாளில் வேலைக்கு அனுப்ப வேண்டாம்.
7. பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வேண்டும்.

ஏழையும் இன்றே தொடங்க முடியாவிட்டால் நான்காவதைத் தொடங்குங்கள். அதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். இன்று மாலை பிள்ளை வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னிக்கு என்ன பாடம்? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள்.

மேலும் விவரங்களுக்கு உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். இந்தப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.